குவாலிக்குள் பிழைத்த சார்ஜன்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லாரிக் கதவுகளில்தான்: கம்பெனிப் பெயர், ஊர், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற எண். ஒரு கதவில் அடங்காத விஷயத்தை நான் எழுதியதே இல்லை. படித்தவர்கள் பலர் இருக்கும் மலாக்காவில் இப்படி ஒருவன் பேனாவைத் தூக்கிக்கொண்டு வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சார்ஜன் எப்படிச் செத்துப் பிழைத்தார் என்பதை எங்கள் பகுதியான காஜா பேராங்கில் இன்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அவரைப் பிழைக்க வைத்த இரண்டு பேரில் நான் ஒருவன். மற்றவருக்கு எழுத்து வராது. ஆகையால் நான்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அது. எங்கள் இளைஞர் மன்றம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தது. இதழுக்கு ஒரே ஒரு பிரதி. அட்டையின் உட்புறத்தில் பதினொரு வீடுகளின் வரிசை ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் இரண்டு நாள் இருக்கும். படித்து முடித்தவர்கள் அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் நான்கு வெற்றுப் பக்கங்கள் தைத்திருப்போம், வாசகர்கள் கருத்து எழுதுவதற்காக. கட்டுரை, கவிதை எல்லாம் முன்னால் இருக்க, பலர் அந்த நான்கு பக்கங்களை மட்டும் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதுதான் உண்மை.

அவற்றோடு எல்லோரும் படித்த இன்னொன்று சார்ஜன் படக்கதை. சார்ஜனுக்குப் பெயர் கிடையாது. சார்ஜன், அவ்வளவுதான். கடற்கொள்ளைக்காரனோ காட்டில் ஒளிந்தவனோ, யாரானாலும் நாலு பக்கத்துக்குள் பிடித்துவிடுவார். கடைசிக் கட்டத்தில் வெள்ளைக்காரக் கர்னலுக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து "எஸ் சார்!" என்பார். ஆறு வருடம் இப்படியே ஓடியது. வரைந்தவர் கெட்டிக்காரர், அதற்கேற்ற கோபக்காரர். செயலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூரில் வேலை தேடிப் போனார். போகும் முன் வரைந்த கடைசி இதழில் சார்ஜனைப் பாலத்தோடு சேர்த்து வெடி வைத்துத் தகர்த்துவிட்டார். ஆற்றில் ஒரு தொப்பி மட்டும் மிதந்தது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று கீழே "இறந்தார்" என்றும் எழுதியிருந்தார்.

இரண்டு வருடம் சார்ஜன் இல்லாமல் போனது. மெர்டேக்கா மலர் போட வேண்டும் என்று கூட்டம் கூடியபோது முதல் கோரிக்கையே சார்ஜன்தான்.

"செத்தவர எப்படிண்ணே எழுப்புறது?" என்று தபால்காரர் கேட்டார்.

"இவரு தம்பி, ரெட்டைப் பிள்ளைன்னு போட்டுருவோம்" என்றார் தையல்கடைக்காரர்.

"ஆறு வருஷமா எங்க இருந்தாராம் அந்தத் தம்பி? ஒங்க கடையில பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தாரா?"

செயலாளர் மேசையைத் தட்டினார். எதற்கெடுத்தாலும் மேசையைத் தட்டுவது அவர் வழக்கம். "சரி, எப்படியோ எழுந்து வந்துட்டாரு. அதுவா பெரிசு? கடைசியில யாருக்கு சல்யூட் அடிப்பாரு, அதச் சொல்லுங்க. வெள்ளைக்காரந்தான் பெட்டி கட்டுறானே."

இப்படி ஒரு சிக்கல் சுதந்திரத்தில் இருக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை.

"அத வரையறவரு பாத்துக்குவாரு" என்று செயலாளரே முடித்தார்.

"வரையறது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் நகக்கண்ணில் பெயிண்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கூட்டத்தில் அதுவரை வாயைத் திறந்தது கொட்டாவி விடுவதற்கு மட்டும்.

"எனக்கு ஆள் வரைய வராதுங்க" என்றேன்.

"என்னாதான் வரும்?"

"எழுத்து வரும். லாரி வரும்."

"பட்டாளத்துல லாரி இல்லியா? போதும்லா!" என்றார் தபால்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தோடு நான் ஓவியன்.

பட்டாளத்து விவரங்களுக்கு ஒரு துணையும் கொடுத்தார்கள். அவரை நாங்கள் பட்டாளத்தார் என்போம். நாற்பத்தைந்து வயது, பெரிய மீசை. குடும்பத்தோடு எங்கள் பக்கம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மர மில்லில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை. ஜப்பான் சண்டைக்கு முன்னால் பட்டாளத்தில் இருந்ததாகவும், காட்டில் ஒரே நாளில் ஏழு பேரைப் பிடித்ததாகவும் கோப்பிக் கடையில் சொல்லுவார். மெர்டேக்கா ஊர்வலத்தில் மன்றத்தின் சார்பில் புதுக்கொடியை அவர்தான் தூக்கப்போகிறார் என்று முடிவாகி இருந்தது. பட்டாளத்தில் இருந்தவர் தூக்கினால்தான் கொடிக்கு மரியாதை என்றார் செயலாளர். பட்டாளத்தாரின் மனைவி அப்போதே காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் பட்டாளத்தார் ராஜா. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்பார். அதைப் பெருமையாகவே சொல்வார். மனைவி ஒரு முறை தங்கை பிரசவத்துக்காகச் சிரம்பானுக்குப் போய்விட்டபோது மூன்று வேளையும் கோப்பிக் கடையில்தான் சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை எங்கள் பட்டறைக்கு வரச் சொன்னேன். முதலாளி இல்லாத நாள். ஒரு விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்து, "இதான் துவக்கு. சுடற மாதிரி நில்லுங்கண்ணே, பாத்து வரையிறேன்" என்றேன்.

அவர் காலை அகட்டி நின்றார். கட்டையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தார். மெதுவாக, வட்டமாக, அடியிலிருந்து புரட்டிப் புரட்டி எடுத்தார்.

"அண்ணே, சுடச் சொன்னேன்."

"சுடறேன்ல?"

"கிண்டுறீங்க."

கையைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த லாரி டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, சாமி சத்தியமா யாருகிட்டயும் சொல்லக் கூடாது. துவக்க நான் ஒரே தடவதான் தொட்டுருக்கேன். வெறகு எடுக்கப் போறப்ப வழியில சாத்தி வெச்சிருந்தானுங்க. தள்ளி வெச்சேன்."

"அப்ப நீங்க...?"

"குசினி. முந்நூறு பேருக்கு."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "காட்டுல ஏழு பேரப் பிடிச்சீங்களே?"

"ஏழு கோழி. கூட்டத் தெறந்து விட்டுட்டானுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா கொடி போச்சு. கொடி போனாக்கூடப் பரவால்ல தம்பி..." என்று நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் என்ன போகும் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆக, எனக்கு ஆள் வரைய வராது, அவருக்குச் சண்டை தெரியாது. மலருக்கு மூன்று வாரம் இருந்தது. என்னிடம் லாரி இருந்தது, அவரிடம் சமையல் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் சமையல் லாரி. சண்டை நடக்கும் இடத்துக்கு முந்நூறு பேர் சோறு கொண்டுபோகும் பட்டாள லாரி! நினைத்த மாத்திரத்தில் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. சார்ஜன் ஆற்றில் எப்படிப் பிழைத்தார்? "பெரிய குவாலியக் கவுத்துப் போட்டு உள்ள தலைய விட்டுக்கிட்டா காத்து இருக்கும் தம்பி" என்றார் பட்டாளத்தார். குவாலி என்றால் அகலமான இரும்புச் சட்டி, இங்கே எல்லா வீட்டிலும் இருப்பது. வெடித்த பாலத்துக்குக் கீழே சார்ஜன் குவாலியை ஆமை ஓடு மாதிரி கவிழ்த்துக்கொண்டு மிதந்து வந்து கரையேறினார். முகம் வரைவதுதான் எனக்கு முடியாத காரியம். அதற்கும் வழி இருந்தது. குவாலியிலிருந்து எழும் ஆவி சார்ஜன் முகத்தை மறைத்துவிடும். ஆவி வரைவது சுலபம். நாலு பக்கத்திலும் ஆவி எழுப்பினேன்.

எதிரிகளைப் பிடிப்பதும் சிரமமாக இல்லை. மூன்று நாள் பட்டினியாக ஒளிந்திருந்தவர்கள் கருவாட்டு வாசனைக்கு மயங்கி ஒவ்வொருவராக வந்தார்கள். சார்ஜன் வரிசையில் நிற்கச் சொன்னார். நின்றார்கள். மங்கு என்கிற கிண்ணத்தை நீட்டினார்கள். இரண்டாவது அகப்பை கஞ்சியும் கேட்டார்கள். சாப்பிட லாரிக்குள் ஏறினார்கள். சார்ஜன் பின்கதவைச் சாத்திப் பூட்டினார். ஒரு குண்டு செலவில்லை. லாரியின் கதவில் பாரத்தின் அளவை மிக அழகாக எழுதினேன், ஏறிய ஆட்களையும் சேர்த்து.

கடைசிக் கட்டத்தில் தயங்கினேன். ஒரு பெரிய அதிகாரி வந்து நிற்கிறார். அவரை வெள்ளையாகப் போடுவதா, பழுப்பாகப் போடுவதா, யாருக்குச் சல்யூட்?

பட்டாளத்தார் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி அடிப்பான் தம்பி? ரெண்டு கையிலயும் குவாலி இருக்கே. விட்டா கால்ல கொட்டிரும்" என்றார்.

உண்மைதான். சார்ஜன் சல்யூட் அடிக்கவில்லை. "கை வேலையாக இருக்கிறது ஐயா" என்று ஒரு வசனம் எழுதி முடித்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பட்டாளத்தார் பிடிவாதமாக இருந்தார். குவாலியின் இடது காது உடைந்திருக்க வேண்டும். அதைத் தொலைபேசிக் கம்பியால் கட்டியிருக்க வேண்டும். "மூணு சுத்து. ரெண்டு இல்ல." நான் இரண்டு சுற்று வரைந்திருந்தேன். அழித்து மூன்றாக்க வைத்தார். அந்தக் கதையில் நிஜமாக நடந்தது அது ஒன்றுதான். அது வேண்டாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மலர் புறப்பட்டது. மூன்றாம் வீட்டிலிருந்து நான்காம் வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறைக்கு எதிரில் தபால்காரரை நிறுத்தி, பின்பக்கங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.

"சார்ஜன் எப்போது சுடுவார்? சோறு வெந்த பிறகா?"

"நாலு பக்கமாக முகத்தைத் தேடுகிறேன். குளிக்கப் போனாரா?"

"லாரி அருமை. விற்பனைக்கு உண்டா?"

செயலாளர் ஒரு முழுப் பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். சார்ஜன் சல்யூட் அடிக்க மறுத்தது நம் இனத்தின் நிமிர்ந்த நெஞ்சுக்கு அடையாளம் என்றும், இவ்வளவு துணிச்சலை எதிர்பார்க்கவில்லை என்றும், போலீஸ் கேட்டால் மன்றம் பொறுப்பல்ல என்றும் எழுதியிருந்தார். அன்றே மர மில்லுக்கு ஓடினேன். பட்டாளத்தாரோ, "கால்ல கொட்டிரும்னுதானே சொன்னேன்!" என்று பதறினார்.

அதைவிடப் பெரிய பதற்றம் அவருக்கு இன்னொன்று இருந்தது. அது பதினோராவது வீடு.

பதினோராவது வீடு, மன்றத்துக்கு வாடகை வாங்காமல் பின்னறையைக் கொடுத்திருந்தவருடையது. செட்டி சமூகத்தவர், பல தலைமுறையாக இந்த ஊர்க்காரர். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மலாய். தமிழ் ஏழெட்டுச் சொல்தான். முதலாளி என்ற பொருளில் நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். மரியாதைக்காகப் பத்திரிகை கடைசியாக அவர் வீட்டுக்குப் போகும். அவர் படிக்க முடிந்தது படக்கதையை மட்டும். அதைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். சண்டைக்கு முன் தொண்டர் படையில் இருந்தவர் அவர். பழைய சார்ஜன் கதைகளில் இடுப்பு வார் தப்பு, துவக்கின் பூட்டு தப்பு என்று ஓரத்தில் தானே சரியாக வரைந்து வைப்பார். பழைய ஓவியர் சிங்கப்பூர் போனதற்கு அதுவும் ஒரு காரணம். முழங்கால் வாதம் மட்டும் இல்லாவிட்டால் கொடி அவர் கைக்குத்தான் போயிருக்கும்.

"அவரு பாத்தா முடிஞ்சிச்சு தம்பி. இது பட்டாளமே இல்ல, குசினின்னு ஒரே பார்வையில சொல்லிருவாரு. சொன்னது யாருன்னு கேப்பாரு. ஊரே என்னயப் பாக்கும். கொடி தூக்கறதுக்கு முந்தியே."

திட்டம் போட்டோம். பத்தாவது வீடு பட்டாளத்தாருடையதுதான். பத்திரிகை அங்கே வந்ததும் மெத்தைக்கு அடியில் போட்டுவிட வேண்டியது. ஊர்வலம் முடிந்த பிறகு தவுக்கேயிடம் கொடுத்தால் போதும். தாமதம் ஏன் என்று கேட்டால், பிள்ளைகள் கோப்பியைக் கொட்டிவிட்டார்கள், காய வைத்தோம் என்று சொல்லிவிடலாம். கறைக்காக நானே ஒரு மூலையில் கொஞ்சம் கோப்பி விடுவதாகவும் ஒப்புக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ய நினைத்த ஒரே குற்றம் அது.

செய்ய வாய்ப்பில்லாமல் போனது. பத்தாவது வீட்டுக்குப் பத்திரிகை வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டாளத்தார் பட்டறைக்கு ஓடி வந்தார். மீசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"மெத்தையக் காயப் போட்டுட்டா!"

"யாரு?"

"யாரு? என் சம்சாரம்! எடுத்திருக்கா, படிச்சிருக்கா, கருத்து எழுதியிருக்கா, ஒரு நாள் தாமதமாயிருச்சுன்னு மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத் தவுக்கே வீட்டுலயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டா!"

"என்னா எழுதுனாங்க?"

அவர் மனப்பாடமாக ஒப்பித்தார். "'முந்நூறு பேர் கஞ்சிக்கு அரிசி இவ்வளவுதானா? பட்டாளத்தில் இவ்வளவு நேரம் அடுப்படியிலா இருந்தார்கள்?'"

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஊர்வல ஏற்பாட்டுக்காகப் பின்னறையில் எல்லோரும் கூடினோம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் பெண்கள் ஒரு பக்கம் பாயில் இருந்தார்கள். வேர்க்கடலையும் கோப்பியும் சுற்றி வந்தன. பட்டாளத்தார் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். உட்காருங்கள் என்று மூன்று பேர் சொல்லியும் உட்காரவில்லை.

தவுக்கே ஊன்றுகோலோடு வந்தார். அக்குளில் பத்திரிகை. மேசையில் விரித்து, பக்கங்களைப் புரட்டி, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"சியாப்பா மாசாக்?" என்றார். யார் சமைத்தது என்று அர்த்தம்.

செயலாளருக்குப் புரியவில்லை. யார் வரைந்தது என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். நான் பட்டறையில் சீனர்களோடும் மலாய்க்காரர்களோடும் பழகியதில் மலாய் ஓரளவு பேசுவேன். அதனால் அவர் பேசியதை உரக்கத் தமிழில் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. கூட்டத்தில் நான் முதன்முதலாக நீளமாகப் பேசியது அன்றுதான்; அதுவும் அடுத்தவர் பேச்சை.

"இந்தக் குவாலி எனக்குத் தெரியும்ங்கிறாரு" என்றேன். தவுக்கேயின் விரல் அந்தக் கம்பிக் கட்டின் மேல் இருந்தது. மூன்று சுற்று. "ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி முகாம்ல மூணு மாசம் இந்தக் குவாலிக் கஞ்சியத்தான் குடிச்சாராம்."

பாயில் இருந்தபடியே பெண்கள் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார்கள்.

தவுக்கே முகத்தைச் சுளித்தார். "தாவார்! தாவார்!" என்று நாக்கை நீட்டிக் காட்டினார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சப்பென்று இருந்தது என்பதற்கு அந்த நாக்கே போதும். பிறகு கடைசிப் பக்கத்தைத் தட்டி வேகமாகப் பேசினார்.

"படத்துல ஆளுங்க ரெண்டாவது அகப்பை கேக்கற மாதிரி போட்டிருக்காம். அது பொய்யாம். அந்தக் கஞ்சிய ரெண்டாவது தடவ கேட்டவன் ஒருத்தன்கூடக் கிடையாதாம். ஜப்பான்காரனவிட அந்தக் கஞ்சிக்குத்தான் எல்லாரும் பயந்தாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பட்டாளத்தாரைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடுங்கள் அண்ணே என்று கண்ணால் கெஞ்சினேன். இருந்திருந்தால் தப்பித்திருப்பார். தவுக்கே சமையல்காரன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவருக்குக் குவாலியைத்தான் தெரியும்.

பட்டாளத்தார் கதவிலிருந்து பாய்ந்து வந்தார்.

"பொய்! ரெண்டாவது இல்ல, மூணாவது அகப்பை கேட்டவன் இருக்கான்! உப்பு மூட்டை வரல! பதினேழு நாள் வரல! உப்பில்லாம முந்நூறு பேருக்கு ருசியாக் காய்ச்சிக் காட்டட்டும் இவரு! கருவாட்ட ஊற வெச்சு அந்தத் தண்ணியில காய்ச்சுனேன்! எவனாச்சும் செய்வானா? என் கஞ்சியவா தாவார்ங்கிறாரு?"



"காய்ச்சுனது யாரு?" என்றார் செயலாளர், மெதுவாக. மேசையைத் தட்ட மறந்துவிட்டார்.

பட்டாளத்தார் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்தாகிவிட்டது.

பாயிலிருந்து அவர் மனைவி எழுந்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பவர் மாதிரி கேட்டார்.

"முந்நூறு பேருக்கா?"

"அது... கூட ரெண்டு பேரு இருந்தாங்க..."

"பதினாலு வருஷமா வெந்நி வைக்கத் தெரியாதுன்னீங்க."

"அது அந்தக் காலம்..."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, உப்பு டப்பா எதுன்னு கேட்டீங்க. சீனிய எடுத்துக் காட்டுனீங்க. ஞாபகம் இருக்கா? நான் அந்தக் காய்ச்சலோட எந்திரிச்சு வந்து ரசம் வெச்சேன்."

பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து நின்றது. சார்ஜனே குண்டு மழையில் இப்படி நடுங்கியிருக்க மாட்டார். கொடி போனாலும் பரவாயில்லை என்று டயரின் மேல் உட்கார்ந்து அவர் பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "கொடி விஷயத்த நாம கொஞ்சம் யோசிக்கணும். பட்டாளத்துல இருந்தவரு தூக்கணும்னுதான முடிவு பண்ணுனோம்..."

தவுக்கே என் சட்டையை இழுத்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முதலில் சிரித்தார், இருமல் வந்து ஊன்றுகோல் கீழே விழும்வரை சிரித்தார். பிறகு சொன்னதை நான் அப்படியே சொன்னேன்: "அவரு துவக்கு தூக்குனாராம். ஒரு தடவகூடச் சுடலையாம். கடைசியில சரணடையறப்ப துவக்கெல்லாத்தையும் வரிசையா அடுக்கிக் குடுக்கச் சொன்னாங்களாம், குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டாராம். முகாம்ல விடியறதுக்கு முந்தி எந்திரிச்ச ஒரே ஆளு கஞ்சி காய்ச்சுனவருதானாம். ஆனாலும் தாவார்தானாம்."

"தாவாரா?" என்று பட்டாளத்தார் மறுபடி ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க" என்றார் அவர் மனைவி. அவர் சும்மா இருந்தார். செயலாளரைப் பார்த்து அந்த அம்மா சொன்னார்: "கொடிய இவரே தூக்கட்டும் அண்ணே, சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சு. ஆனா ஊர்வலத்துக்கு வர்ற அத்தன பேருக்கும் காலப் பசியாற இவருதான் சமைக்கணும். யாரும் கூட நிக்கக் கூடாது. உப்பு நான் வாங்கித் தர்றேன்."

மேசை தட்டப்பட்டது. தீர்மானம் நிறைவேறியது. என் நினைவில் எங்கள் மன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அது.

ஊர்வலத்தன்று இருட்டோடு பட்டாளத்தார் தவுக்கே வீட்டுப் பின்புறத்தில் மூன்று கல் அடுப்பு மூட்டினார். நான் விறகு உடைக்கப் போனேன். அந்த அம்மா விரட்டிவிட்டார். பெண்கள் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்தார் காலை அகட்டி நின்று, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, அடியிலிருந்து புரட்டிப் புரட்டி எடுத்தார். அன்றைக்கு விளக்குமாற்றுக் கட்டையைப் பிடித்த அதே பிடி. முகம் ஆவியில் மறைந்துவிட்டது. நான் வரைந்தது தப்பில்லை என்று அப்போது தோன்றியது.

பயற்றங்கஞ்சியும் கருவாட்டுச் சம்பலும். தவுக்கே முதல் மங்கு கஞ்சியை வாங்கிக் குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"தாவார்" என்றார். காலி மங்குக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டினார்.

பட்டாளத்தார் உடனே ஊற்றவில்லை. அகப்பையைத் தூக்கிப் பிடித்து, கூட்டம் முழுக்கப் பார்க்கும் வரை காத்திருந்து, "ரெண்டாவது!" என்று கத்திவிட்டு ஊற்றினார்.

ஊர்வலம் கடலோரத்திலிருந்த பண்டார் ஹிலிர் வரை போனது. காக்கிச் சட்டையில் விறைப்பாக, முன்னால் அவர்தான். கொடி பெரியது, கடற்காற்று பலமாக இருந்தது. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் எதிரில் வந்தபோது மற்ற சங்கத்துக் கொடிக்காரர்கள் ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சல்யூட் அடித்தார்கள். பட்டாளத்தார் இரண்டு கையையும் எடுக்கவில்லை. அவர் எதையும் எதிர்க்கவில்லை. விட்டால் விழுந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பக்கத்தில் வந்த செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார்ஜன்யா!" என்றார். மொழிபெயர்க்க அங்கே எதுவும் இல்லை.

மறுநாள் அவர்கள் வீட்டில் தோசை சுட்டதும் பட்டாளத்தார்தான். நான் பட்டறைக்குப் போய் ஒரு மணல் லாரியின் இடது கதவுக்கு வெள்ளை அடித்தேன். மழை பெய்ததால் காயவில்லை.